ரிப்போர்ட்டில் 8.4 மணி, டேங்கில் அரை மணி: ஸ்டாக் வைத்த பயோடீசலில் ஒரு லட்சம் போன விதம்

பெயரில் டீசல் இருக்கிறது என்பதற்காகப் பயோடீசலை டீசல் மாதிரியே டேங்கில் போட்டு வைத்தது முதல் தப்பு. அது எண்ணெய் வழி வந்த சரக்கு. வடை சுட்ட எண்ணெயை அடுப்படியில் மூடாமல் வைத்தால் ஒரு மாதத்தில் சிக்கு வாடை அடிக்குமே, அதே வியாதி இதற்கும் உண்டு. வித்தியாசம் என்னவென்றால், கெட்ட எண்ணெயைக் கீழே கொட்டிவிட்டுப் போய்விடலாம். கெட்ட பயோடீசல் போகும்போது எஞ்சினின் டீசல் பம்பையும் கூட்டிக்கொண்டு போகும். வாங்கும் முன் யாராவது இதைச் சொல்லியிருந்தால் ஒரு லட்சத்து நாலாயிரம் ரூபாய் கையில் இருந்திருக்கும்.

திருப்பூரில் ஒரு பனியன் யூனிட், 62.5 கேவிஏ ஜெனரேட்டர். மாதம் ஒரு நாள் பராமரிப்பு ஷட்டவுன், அன்றைக்குக் காலை 9 மணியிலிருந்து ஏழு மணி நேரம் ஓட வேண்டும். மற்ற நாளில் எப்போதாவதுதான். இதுதான் பிரச்சினையின் வேர் என்று அப்போது தெரியவில்லை. தினமும் ஓடும் வண்டிக்கு ஊற்றினால் பயோடீசல் கெடுவதற்கு நேரமே கிடைக்காது. ஸ்டாண்ட்பை ஜெனரேட்டரில் எரிபொருள் மாதக்கணக்கில் சும்மா கிடக்கும். விலை குறைகிறது என்று மாசி மாதம் 1000 லிட்டர், லிட்டர் 86 ரூபாய்க்கு, வெள்ளைக் கூண்டு டேங்கோடு வந்து இறங்கியது. ஹோட்டல்களில் பொரித்த எண்ணெயிலிருந்து எடுத்த நூறு சதவீதப் பயோடீசல், அதாவது பி100. ஒரு முறைக்கு 80 லிட்டருக்குள்தான் செலவு. அப்படியானால் 1000 லிட்டர் தீர ஒரு வருடம் ஆகும். இந்தக் கணக்கைப் போடாமலேயே ஆர்டர் கொடுத்தாகிவிட்டது.

கூடவே ஒரு டெஸ்ட் ரிப்போர்ட் வந்தது. ஃபிளாஷ் பாயிண்ட், அடர்த்தி, எஸ்டர் அளவு எல்லாம் பார்த்தோம், எல்லாம் சரி. கீழே ஒரு வரி: ஆக்ஸிடேஷன் ஸ்டெபிலிட்டி, 110 டிகிரியில், 8.4 மணி. அது என்ன என்று யாரும் கேட்கவில்லை. இப்போது கேட்டால், அந்த ரிப்போர்ட்டிலேயே முதலில் படிக்க வேண்டிய வரி அதுதான் என்பேன்.

காற்று பட்டுக் கெடாமல் சரக்கு எவ்வளவு தாங்கும் என்று சொல்லும் எண் அது. அந்த 8.4 எப்படி வருகிறது என்று புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. ரான்சிமேட் என்று ஒரு கருவி. கண்ணாடிக் குழாயில் சில கிராம் பயோடீசலை ஊற்றி, 110 டிகிரியில் சூடாக்கி, மணிக்கு 10 லிட்டர் வீதம் காற்றை அதற்குள் கொப்பளிக்க விடுவார்கள். ஐரோப்பியத் தரமான ஈஎன் 14112 முறையில் 3 கிராம், ஈஎன் 15751 முறையில் 7.5 கிராம். எண்ணெய் ஆக்ஸிஜனோடு சேர்ந்து உடையும்போது ஃபார்மிக் அமிலம் போன்ற ஆவியாகும் சின்ன அமிலங்கள் வெளியே வரும். காற்று அதைத் தூக்கிக்கொண்டு போய் பக்கத்துப் பாத்திரத்தில் உள்ள அயனி நீக்கிய தண்ணீரில் கலக்கும். தண்ணீரின் மின்கடத்து திறனை மீட்டர் அளந்துகொண்டே இருக்கும். பல மணி நேரம் கோடு தரையோடு தரையாகப் போகும். திடீரென்று மேலே ஏறும். ஏறுகிற இடம் வரை எத்தனை மணி என்பதுதான் இண்டக்‌ஷன் பீரியட். ஐரோப்பிய ஈஎன் 14214 தரத்தில் குறைந்தது 8 மணி வேண்டும், 2012க்கு முன் 6 மணியாக இருந்தது. அமெரிக்க ஏஎஸ்டிஎம் டி6751 தரத்தில் 3 மணி போதும். நம் இந்தியத் தரமான ஐஎஸ் 15607 முதலில் 2005ல் வந்தபோது 6 மணி, 2016 திருத்தத்தில் 8 மணி.

இந்தக் கோட்டின் வடிவத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தட்டையாகப் போய்த் திடீரென ஏறுகிறதே, உங்கள் டேங்கிலும் அதேதான் நடக்கிறது, மணிக்குப் பதில் மாதங்களில். எண்ணெயில் உள்ள டோகோஃபெரால் போன்ற இயற்கைத் தடுப்புச் சரக்கும், தயாரிப்பாளர் சேர்த்த ஆன்டிஆக்ஸிடன்டும் இருக்கும் வரை வெளியே ஒன்றும் தெரியாது. அமில எண், அதாவது சரக்கில் எவ்வளவு அமிலம் சேர்ந்திருக்கிறது என்ற அளவு, நகராது, நிறம் மாறாது, வாடை வராது. அது தீர்ந்த மறுநாளிலிருந்து எல்லாம் ஒன்றாகக் கிளம்பும். அதனால்தான் அமில எண்ணை மட்டும் பார்த்து ‘நல்லாத்தான் இருக்கு’ என்று உட்கார்ந்திருப்பது ஆபத்து. வண்டியில் எவ்வளவு பெட்ரோல் மிச்சம் என்று காட்டுவது இண்டக்‌ஷன் பீரியட். அமில எண் காட்டுவது வண்டி நின்றுவிட்டதா என்பதை.

எங்கள் சரக்கு சரியாக ஐந்து ஷட்டவுனைத் தாங்கியது. ஆடியில் வந்த ஆறாவதில் மதியம் 12 மணிக்கு ஜெனரேட்டர் மூச்சுத் திணறியது. 250 மணி ஓட வேண்டிய டீசல் ஃபில்டர் 40 மணி கூட ஓடவில்லை. புதிது மாட்டினால் இரண்டு மணி நேரம். அடுத்தது நாற்பது நிமிடம். தையல் லைன் முழுக்க நின்று எல்லோரும் நம் முகத்தையே பார்க்கும்போது வரும் எரிச்சலில் சரியான முடிவு எதுவும் வராது. மெக்கானிக் தம்பி ஃபில்டரை முகர்ந்து பார்த்துவிட்டு, “ஏனுங்ணா, எண்ணெ கெட்டியாயிருச்சுங்க. பாதிக்குப் பாதி டீசல ஊத்துனா இளகி ஓடிருமுங்க” என்றார். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஊற்றினோம்.

அதுதான் பம்பைக் கொன்றது. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் இதையே செய்வார்கள். பயோடீசல் ஆக்ஸிடைஸ் ஆகும்போது முதலில் பெராக்சைடு உண்டாகும், அது உடைந்து ஒரு பக்கம் அமிலங்களாகவும், இன்னொரு பக்கம் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு பிசினாகவும் மாறும். அந்தப் பிசின், பி100ல் பெரும்பாலும் கரைந்தே இருக்கும், ஏனென்றால் பயோடீசல் நல்ல கரைப்பான். டீசலுக்கு, அதுவும் இப்போது வரும் கந்தகம் நீக்கிய டீசலுக்கு, அந்தக் கரைக்கும் குணம் கிடையாது. டீசல் கலந்ததும் கரைந்திருந்த பிசின் அத்தனையும் பிரிந்து வெளியே விழும். செப்பரேட்டர் கிண்ணத்தைக் கழற்றியபோது அடியில் கருப்பட்டிப் பாகு மாதிரி ஒரு விரற்கடை உயரத்துக்கு நின்றது. விரலில் எடுத்தால் நூல் இழுத்தது. பம்பு நாசில் ஒர்க்‌ஷாப்பில் பிரித்துப் பார்த்தபோது உள்ளே மேலும் கீழும் ஓடி டீசலைத் தள்ளும் பிளஞ்சர் இரண்டு அசையவே இல்லை, பழுப்பு வார்னிஷ் பூசினது போலப் பிடித்திருந்தது.

ஆகவே பழைய பயோடீசலை டீசலோடு கலக்கும் முன் டேங்கில் செய்யாதீர்கள், பாட்டிலில் செய்யுங்கள். 100 மில்லி கண்ணாடி ஜாரில் 20 மில்லி பயோடீசல், 80 மில்லி பெட்ரோல் பங்க் டீசல். குலுக்கி, மூடி, ஒரு ராத்திரி அசையாமல் வையுங்கள். காலையில் டார்ச்சை அடியிலிருந்து அடித்துப் பாருங்கள். தெளிவாக இருந்தால் கலக்கலாம். அடியில் பழுப்பாக ஒரு படலமோ துணுக்குகளோ இருந்தால் அந்தச் சரக்கு எஞ்சினுக்கு ஆகாது. இருபது ரூபாய் கூடச் செலவில்லாத சோதனை. இதைச் செய்திருந்தால் 34,500 ரூபாய் பம்பு பில் வந்திருக்காது.

ஃபில்டர் அடைத்தால் உடனே பிசின் என்றும் முடிவு கட்டக் கூடாது. அடைத்ததைச் சுரண்டி ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியில் போட்டு, கொஞ்சம் நல்ல பயோடீசல் ஊற்றி, 40 டிகிரி வெந்நீரில் வைத்துப் பாருங்கள். சில நிமிடத்தில் மறைந்துவிட்டால் அது குளிரில் உறைந்த கொழுப்பு எஸ்டர், அதாவது பயோடீசலே உறைந்தது. பாமாயில் பயோடீசல் 13 முதல் 16 டிகிரியிலேயே மங்க ஆரம்பிக்கும், ஊட்டி கொடைக்கானல் பக்கம் மார்கழியில் இது சகஜம், திருப்பூர் ஆடியில் வாய்ப்பே இல்லை. சூட்டில் கரையாமல் வெந்நீரில் வழுக்கலாக நுரைத்தால் சோப்பு, அதாவது தயாரிப்பில் சரியாகக் கழுவவில்லை. வழவழவென்று கருப்பாக, சேற்று நாற்றத்தோடு, தண்ணீர் தங்கும் இடத்தில் மட்டும் இருந்தால் பூஞ்சை. இது எதிலும் சேராமல் பசை மாதிரி ஒட்டி, பெயிண்ட் கடை வாடை அடித்தால்தான் ஆக்ஸிடேஷன் பிசின். ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு, சண்டை போட வேண்டிய ஆளும் வேறு.

சண்டை என்றதும் ஞாபகம். கொடுத்தவரிடம் போய்க் கத்தியாகிவிட்டது. அவர் கோபப்படவில்லை. “இறக்கும்போது ஒரு லிட்டர் சாம்பிள் பாட்டில் சீல் வெச்சுக் குடுத்தமுங்களே, அதைய எடுங்க, ரெண்டையும் ஒண்ணா லேபுக்கு அனுப்புங்க” என்றார். ஆபீஸ் பீரோவில், இருட்டில், பழுப்பு பாட்டிலில், கழுத்து வரை நிரம்பி அது அப்படியே இருந்தது. ரிப்போர்ட் வந்தது. பீரோ பாட்டில்: இண்டக்‌ஷன் பீரியட் 6.1 மணி, அமில எண் 0.33. டேங்க்: 0.6 மணி, அமில எண் 1.12, 40 டிகிரியில் பிசுபிசுப்பு 5.7. ஒரே நாளில் ஒரே லாரியில் இறங்கிய ஒரே சரக்கு. அமில எண்ணுக்கு வரம்பு 0.50, பிசுபிசுப்புக்கு ஈஎன் தரத்தில் 3.5 முதல் 5.0 வரை. ஆக, கெடுத்தது நாங்கள்தான். வாய் அடைத்துப்போய்த் திரும்பி வந்ததை மறைப்பதற்கில்லை.

அவர் பக்கமும் ஒரு சின்ன விஷயம் இருந்தது. ரிப்போர்ட்டில் சாம்பிள் எடுத்த தேதி, சரக்கு இறங்கிய தேதிக்கு ஐந்து வாரம் முந்தையது. அந்த 8.4, ஐந்து வாரத்துக்கு முந்தைய 8.4. அதனால் ரிப்போர்ட் வாங்கும்போது நான்கைப் பாருங்கள்: பேட்ச் நம்பர் உங்கள் டெலிவரி சலானோடு ஒத்துப்போகிறதா, சாம்பிள் தேதி என்ன, எந்த முறையில் சோதித்தார்கள், ஆன்டிஆக்ஸிடன்ட் ஏற்கனவே சேர்த்திருக்கிறார்களா. முறை முக்கியம். பெட்ரோஆக்ஸி என்று இன்னொரு வேகமான முறை உண்டு, ஈஎன் 16091. அதில் 5 மில்லி சரக்கை 700 கிலோபாஸ்கல் ஆக்ஸிஜனில் 140 டிகிரிக்கு ஏற்றி, அழுத்தம் 10 சதவீதம் குறைய எத்தனை நிமிடம் என்று பார்ப்பார்கள். அந்த நிமிடங்களை ரான்சிமேட் மணியோடு ஒப்பிட முடியாது. ‘35’ என்று பார்த்துவிட்டு மணி என்று நினைத்துச் சந்தோஷப்படக் கூடாது. கலவைக்கும் வரம்பு வேறு: டீசலில் 7 சதவீதம் வரை கலந்ததற்கு ஐரோப்பாவில் ஈஎன் 590படி 20 மணி, பி6 முதல் பி20 வரைக்கு ஏஎஸ்டிஎம் டி7467படி 6 மணி.

எப்படிக் கெடுத்தோம் என்பதைத் தேடிப்போனபோது ஒவ்வொன்றாகக் கிடைத்தது. முதலில் பித்தளை கேட் வால்வு. கூண்டு டேங்கோடு வந்த பிளாஸ்டிக் வால்வு கசிகிறது என்று நாங்களே மாற்றியது. செம்பும் செம்பு கலந்த பித்தளை, வெண்கலமும் ஆக்ஸிடேஷனுக்குத் தூபம் போடுகிறவை. கொஞ்சம் கரைந்தாலே போதும், பெராக்சைடை உடைத்து உடைத்து வேகத்தைக் கூட்டிக்கொண்டே இருக்கும். ஈயம், வெள்ளீயம், துத்தநாகம் எல்லாம் அதே ஜாதி, அதனால் துத்தநாகம் பூசிய ஜிஐ பைப்பும் தப்பு. வால்வைக் கழற்றியபோது உள்ளே பச்சை பூத்திருந்தது. இரும்பு, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், அலுமினியம், ஹெச்டிபிஈ பிளாஸ்டிக் இவைதான் சரி. வாஷரும் ஹோஸும் சாதா ரப்பராக இருந்தால் ஊறி உப்பும், விட்டான் அல்லது டெஃப்லான் போடுங்கள். எங்களுக்கு ஸ்டெயின்லெஸ் பால் வால்வும் எம்எஸ் (சாதா இரும்பு) லைனும் மாற்ற ஆன செலவு, வீணாய்ப்போன ஃபில்டர்களின் காசை விடக் குறைவு.

அடுத்து வெயில். வெள்ளை டேங்க் வெளிச்சத்தை உள்ளே விடும், மேற்கு வெயில் நேராக அடிக்கும், மேலே தகரக் கூரை. பத்து டிகிரி கூடினால் ஆக்ஸிடேஷன் வேகம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு என்பது பொதுக் கணக்கு. சித்திரை வைகாசியில் தகரத்துக்கு அடியில் கிடந்த டேங்க், நிழலில் கிடந்ததைவிட எவ்வளவு வேகமாகக் கெட்டிருக்கும் என்று நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். ஏஎஸ்டிஎம் டி4625 என்று ஒரு சேமிப்புச் சோதனையே இருக்கிறது, சரக்கை 43 டிகிரியில் வைப்பார்கள். அதில் ஒரு வாரம் கிடந்தால் 21 டிகிரியில் ஒரு மாதம் கிடந்ததற்குச் சமம் என்பது கணக்கு. அந்த 43 டிகிரி நமக்கு லேப் வெப்பநிலை இல்லை, ஏப்ரல் மாதம்.

மூன்றாவது, காலி இடம். ஒவ்வொரு ஷட்டவுனுக்கும் 80 லிட்டர் இறங்க, அந்த இடத்தில் காற்று ஏறிக்கொண்டே இருந்தது. பகலில் விரிந்து ராத்திரி சுருங்கி டேங்க் மூச்சு விடும்போது ஈரக்காற்றும் உள்ளே வரும். பயோடீசல் டீசலைவிடப் பல மடங்கு தண்ணீரைக் கரைத்து வைத்துக்கொள்ளும். வரம்பு கிலோவுக்கு 500 மில்லிகிராம், ஆனால் அது 1000க்கு மேலேயும் கண்ணுக்குத் தெரியாமல் பிடித்துவைக்கும். 1000 லிட்டர் டேங்கில் 300 லிட்டர் வைப்பதைவிட, ஐந்து 200 லிட்டர் பேரலில் நிரம்ப வைத்து ஒவ்வொன்றாகத் திறப்பது எவ்வளவோ மேல். பேரல் உள்ளே துருவோ பழைய எண்ணெயோ இருக்கக் கூடாது. பழைய சரக்கின் மிச்சத்தில் பெராக்சைடு இருக்கும், புதுப் பாலில் ஒரு கரண்டி மோர் விட்ட கதையாகிவிடும்.

நான்காவது நம் கையில் இல்லாதது, எண்ணெயின் ஜாதகம். எண்ணெய்க்கு எண்ணெய் கொழுப்பு அமிலங்களின் அளவு மாறும். அதில் ஒலீயிக் எஸ்டர் ஆக்ஸிடைஸ் ஆகும் வேகம் 1 என்றால் லினோலீயிக் 41, லினோலெனிக் 98. சூரியகாந்தியில் லினோலீயிக் அதிகம், பாமாயிலில் பத்து சதவீதம் அளவுதான். அதனால் பாமாயில் பயோடீசல் நின்று ஆடும், சூரியகாந்தி சீக்கிரம் விழும். காட்டாமணக்கு, ஒன்றும் சேர்க்காவிட்டால் 3, 4 மணி அளவில்தான் நிற்கும். பொரித்த எண்ணெய் என்றால் எது எவ்வளவு கலந்தது என்று யாருக்கும் தெரியாது. திரும்பத் திரும்பப் பொரிக்கும்போது எண்ணெயில் சேரும் போலார் காம்பவுண்ட் 25 சதவீதம் தாண்டினால் சமையலுக்கு விடக் கூடாது என்ற விதியை உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ 2018ல் நடைமுறைக்குக் கொண்டுவந்து, அதைப் பயோடீசலுக்குத் திருப்பும் ரூக்கோ திட்டத்தையும் அந்த வருடமே ஆரம்பித்தது. நல்ல காரியம்தான். ஆனால் வாணலியில் கொதித்துக் கொதித்து இயற்கைத் தடுப்புச் சரக்கை இழந்த எண்ணெய் அது. போதாததற்கு டிஸ்டில் செய்தால் மிச்சமும் போய்விடும். தண்ணீர் மாதிரி வெளுப்பாக இருக்கிறதே, சுத்தம் என்று நினைக்கிறோம். பல நேரம் வெளுத்ததுதான் முதலில் கெடும்.

இனி நாமே செய்யக்கூடிய சோதனைகள். அமில எண் டைட்ரேஷனை ஒரு தடவை கையால் செய்துவிட்டால் அப்புறம் பயம் போய்விடும். பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கடையில் 85 சதவீதச் சுத்தத்தில்தான் கிடைக்கும், அதனால் 1.18 கிராம் எடுத்து ஒரு லிட்டர் டிஸ்டில்டு வாட்டரில் கரைத்தால் ஒரு மில்லிக்கு 1 மில்லிகிராம் என்ற கரைசல் கிடைக்கும். கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள். காற்றில் உள்ள கார்பன் டையாக்சைடு இதன் வீரியத்தைக் குறைக்கும், இறுக மூடி வைத்து மாதம் ஒரு முறை புதிதாகப் போடுங்கள். கண்ணாடிக் குடுவையில் 50 மில்லி ஐசோபுரோபைல் ஆல்கஹால், நிறம் காட்டும் ஃபீனாஃப்தலீன் ஐந்தாறு சொட்டு. முதலில் ஆல்கஹாலுக்கு மட்டும் கரைசலைச் சொட்டி லேசான ரோஜா நிறம் வரவழையுங்கள், அது ஆல்கஹாலில் இருக்கும் அமிலத்தைக் கழிக்க. அப்புறம் 5 கிராம் பயோடீசல், தராசில் நிறுத்துப் போடுவது நல்லது, இல்லையென்றால் சிரிஞ்சில் 5.7 மில்லி. ரோஜா மறையும். இப்போது 0.1 மில்லிக் கோடு போட்ட சிரிஞ்சிலோ பியூரெட்டிலோ கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, குடுவையைச் சுழற்றிக்கொண்டே இருங்கள். ரோஜா நிறம் அரை நிமிடம் மறையாமல் நின்றால் நிறுத்துங்கள். ஆன மில்லியை 5ஆல் வகுத்தால் அமில எண். 1.5 மில்லி என்றால் 0.30, 2.5 மில்லி என்றால் 0.50, அதாவது எல்லை.

பழைய சரக்கு கருத்திருந்தால் ரோஜா நிறம் தெரியாமல் போகும். அப்போது மஞ்சள் தூளை ஆல்கஹாலில் ஊறவைத்து வடிகட்டி அதைப் பயன்படுத்தலாம். காரம் பட்டால் மஞ்சள் செங்காவியாக மாறும். ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவக்கிற அதே சமாசாரம். எல்லை கொஞ்சம் முன்பின் இருக்கும், ஆனால் போன மாதத்தோடு ஒப்பிடப் போதும்.

பிசுபிசுப்புக்கு மீட்டர் தேவையில்லை. அடியில் ஓட்டை உள்ள சின்ன விஸ்காசிட்டி கப் ஒன்று, பெயிண்ட் அடிப்பவர்கள் வைத்திருப்பது. பீரோ பாட்டில் சரக்கையும் டேங்க் சரக்கையும் இரண்டையும் 40 டிகிரி வெந்நீரில் வைத்து ஒரே சூட்டுக்குக் கொண்டுவந்து, வடிய எத்தனை வினாடி என்று மூன்று முறை பாருங்கள். பத்து சதவீதம் கூடிவிட்டால் பிசின் சேர ஆரம்பித்துவிட்டது. இங்கே பீரோ பாட்டில் இல்லாவிட்டால் ஒப்பிட எதுவும் இல்லை. ஆகவே ஒவ்வொரு லோடிலும் ஒரு லிட்டர், பழுப்புக் கண்ணாடி பாட்டிலில், காற்று இடமில்லாமல், தேதி எழுதி. தண்ணீர் பாட்டிலில் பிடித்து ஜன்னலோரம் வைத்தால் அதுவும் கெட்டு இரண்டும் ஒன்றுபோல இருக்கும், அதைவிட ஏமாற்றம் வேறில்லை.

பெராக்சைடு மதிப்பு பற்றியும் கேட்பார்கள். அயோடின் டைட்ரேஷனில் பார்க்கலாம், ஆனால் அது ஏறி, அப்புறம் பெராக்சைடு உடையும்போது இறங்கும் எண். குறைவாக வந்தால் சரக்கு புத்தம் புதிதாக இருக்கலாம், அல்லது செத்தே போயிருக்கலாம். தனியாக அதை நம்பக் கூடாது. 27 மில்லி மெத்தனாலில் 3 மில்லி பயோடீசலைக் கரைத்துப் பார்க்கும் சோதனையும் அப்படித்தான், எண்ணெய் முழுசாக எஸ்டர் ஆனதா என்றுதான் அது சொல்லும், சேமிப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாது.

இண்டக்‌ஷன் பீரியடுக்கு மட்டும் லேபை விட்டால் வழியில்லை. அந்தச் சோதனை, லேப்களுக்கு அங்கீகாரம் தரும் என்ஏபிஎல் அங்கீகாரத்தில் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு அனுப்புங்கள், எண்ணோடு கோட்டுப் படத்தையும் கேளுங்கள். சாம்பிள் டேங்கின் நடுவிலிருந்து எடுக்க வேண்டும், அடியிலிருந்து தனியாக ஒன்று தண்ணீருக்கும் கசடுக்கும். பித்தளை சாம்பிளரால் எடுக்காதீர்கள். பாட்டிலைக் கழுத்து வரை நிரப்பி, ஐஸ் பெட்டியில், அன்றைக்கே. பஸ் பார்சலில் இரண்டு நாள் வெயிலில் போனால் லேப் அளப்பது உங்கள் டேங்கை அல்ல, பஸ்ஸை.

ஆன்டிஆக்ஸிடன்ட் போட்டால் சரியாகிவிடுமா என்று முதலில் நாங்களும் ஓடினோம். கெட்ட பிறகு போட்டுப் பிரயோஜனமில்லை, உருவான அமிலமும் பிசினும் திரும்பப் போகாது. இறங்கிய அன்றே போட வேண்டும். டிபிஹெச்கியூ, பிஹெச்டி, பைரோகலால் மூன்றும் வழக்கத்தில் உண்டு. பொதுவாக 200 முதல் 1000 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் அத்தனை பங்கு. கணக்கு எளிது: 1000 லிட்டர் என்பது 880 கிலோ, 500 பிபிஎம் என்றால் 440 கிராம். நேராக டேங்கில் கொட்டினால் அடியில் போய் உட்காரும். ஐந்து லிட்டர் பயோடீசலை 50, 60 டிகிரிக்கு வெந்நீரில் வைத்துச் சூடாக்கி, அதில் முழுக்கக் கரைத்து, பிறகு டேங்கில் ஊற்றிப் பம்பால் சுழற்ற வேண்டும். போட்ட பிறகு ஒரு ரான்சிமேட், அதுதான் உங்கள் தொடக்கக் கணக்கு. பித்தளை வால்வை வைத்துக்கொண்டு ஆன்டிஆக்ஸிடன்ட் போடுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பது.

செலவைச் சொல்லிவிடுகிறேன். பம்பு நாசில் 34,500. ஃபில்டர் ஏழு, 5,950. வாடகை ஜெனரேட்டர் மூன்று நாள் 19,500. லேப் இரண்டு சாம்பிளுக்கு 8,700. மிச்சமிருந்த 610 லிட்டரை பர்னர் வைத்திருந்த ஒருவர் லிட்டர் 28 ரூபாய்க்கு எடுத்துக்கொண்டார், அதில் நஷ்டம் 35,380. பர்னருக்கு அது ஓரளவு பரவாயில்லை, எஞ்சினுக்குத்தான் விஷம். டேங்கை விற்றவரே திரும்ப எடுக்க மறுத்தார், அதைக் குறை சொல்ல முடியாது.

இப்போது லோடு 200 லிட்டர், நிரம்பிய சின்னப் பேரல் இரண்டு, வடக்குச் சுவரோரம், மேலே சாக்கு. நிரம்பிய பேரலைப் பிரிப்பதற்கு முதல் நாள் டைட்ரேஷன், பிரித்த பேரலுக்கு மாதம் ஒரு முறை. 1.5, 1.5, 1.6 என்று சிரிஞ்சுக் கணக்கு சுவரில் பென்சிலில் எழுதியிருக்கிறது. மூன்று மாதத்துக்கு மேல் எதுவும் நிற்பதில்லை, நின்றால் ரான்சிமேட்டுக்குப் போகும்.

ஒன்று விட்டுப்போயிற்று. டேங்கைக் கழுவிய அன்று, துடைத்த பனியன் வேஸ்ட்டை எல்லாம் ஒரு சாக்கில் திணித்து மூலையில் போட்டோம். சாயங்காலம் சாக்கைத் தூக்கிய அம்மா, “இதென்னுங்க, அடுப்புச் சாம்பலாட்டச் சுடுது” என்று கீழே போட்டுவிட்டார். உள்ளே கை வைக்க முடியாத சூடு. பருத்தியில் ஊறிய பயோடீசல் காற்றோடு சேர்ந்து ஆக்ஸிடைஸ் ஆகும்போது சூடு வெளியேற வழி இல்லாவிட்டால் தானாகவே தீப்பிடிக்கும். ஒரு மணி நேரம் தாமதித்திருந்தால் பின்னல் துணி கோடவுனுக்குப் பக்கத்தில் என்ன ஆகியிருக்கும் என்று அன்றைக்கு யாருக்கும் தூக்கம் வரவில்லை. அந்தத் துணியைத் தண்ணீர் நிரப்பிய மூடி போட்ட இரும்பு டப்பாவில் அமுக்கி வையுங்கள், அல்லது வெளியே ஒவ்வொன்றாக விரித்துக் காயப்போடுங்கள். குவிக்காதீர்கள்.